நான் ஓடிப்போன வருஷம்

எங்கள் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் உரக்கடை. மூட்டை நிறுக்கிற மெஷின் அதன் வாசலில் எந்நேரமும் கிடக்கும். ஒரு நாள் மத்தியானம், ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றேன். செருப்பைக் கழற்றினால் கொஞ்சம் குறையும் என்று ஒரு நம்பிக்கை. உரக்கடைக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எட்டிப் பார்த்தவர், பெண்பிள்ளையின் எடையைக் கிலோவில் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, "ரெண்டு மூட்டை யூரியாவுக்குக் கொஞ்சம் கம்மிதான்க்கா" என்றார். ஒரு மூட்டை நாற்பத்தைந்து கிலோ. ஆறுதலாகத்தான் சொன்னார். டீக்கடை பெஞ்சில் படுத்துக்கிடந்த இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. குன்றாண்டார்கோவில் யூனியன் ஆபீசுக்கு எதிர்த்தாற்போல் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், பட்டா நகல், சாதிச் சான்றிதழுக்கு ஆன்லைன் மனு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம்மிடம்தான். காலையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் நாற்காலிதான் சுழலும், நான் எழுந்திருக்க மாட்டேன். வீட்டுக்காரர் கத்தாரில் ஏசி மெக்கானிக். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். மாமியாருக்குச் சாப்பாட்டு விஷயத்தில் ஒரே கொள்கைதான். தட்டை விட்டு எழும்போது மூச்சு வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால் அந்த ஆள் இன்னும் சாப்பிடவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பிரஷர் மாத்திரை எழுதித் தரும்போதெல்லாம் "வெயிட்டைக் குறைங்கம்மா" என்பார். மாத்திரையை வாங்கிக்கொண்டு, அறிவுரையை அங்கேயே வைத்துவிட்டு வருவேன். இப்படியே இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். ஒரு டீசர்ட் வந்து கெடுத்தது.

புதுக்கோட்டையில் ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் ஓட்டப்பந்தயம் நடத்தப்போவதாக நோட்டீஸ் நகல் எடுக்க ஒரு தம்பி வந்தார். அஞ்சு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர், இருபத்தோரு கிலோமீட்டர் என்று மூன்று வகை. பெண்கள் பேர் போதவில்லை என்று அவருக்குக் கவலை.

"நீங்களும் பேரு குடுங்களேன்க்கா. டீசர்ட் ஃப்ரீ."

"நான் ஓடுவேனாப்பா?"

"ஓடணும்னு யாருக்கா சொன்னா? பேரு குடுத்தாப் போதும். அன்னைக்கு வராட்டிக்கூடக் கேக்க மாட்டாங்க."

சரி, ஒரு டீசர்ட் சும்மா வந்தால் மகளுக்கு ஆகும் என்று பேரைச் சொன்னேன். அளவு என்ன போட என்று கேட்டு, நான் வாயைத் திறக்கும் முன்னே, டெய்லர் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு வராதுக்கா. எக்ஸெல் வரைக்கும்தான் அடிக்கிறோம்" என்றார். என் முகம் மாறியதைப் பார்த்து அவருக்கே பாவமாகப் போய்விட்டது. "பரவாயில்லக்கா, துண்டு மாதிரித் தோள்ல போட்டுக்கங்க. கூட்டத்துல யாரு பாக்கப்போறா" என்று ஒரு வழியும் சொன்னார்.

எக்ஸெல் போடச் சொன்னேன். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார். இருபத்தோரு கிலோமீட்டர் என்றேன். கோபத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது.

ராத்திரி மகளிடம் போனில் சொன்னபோது வெகுநேரம் சிரித்தாள். "நீ பஸ்ஸுக்கே ஓட மாட்டியேம்மா. கைய நீட்டி பஸ்ஸத்தானே நிக்கச் சொல்லுவ" என்றாள். சிரித்து முடித்ததும், பந்தயத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, முயற்சி பண்ணு என்று சொல்லி, தினம் எவ்வளவு நடக்க வேண்டும், எவ்வளவு ஓட வேண்டும் என்று ஒரு அட்டவணை அனுப்பினாள். முதல் நாளுக்கு ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை என்று போட்டிருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று இளப்பமாக நினைத்தேன். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

விடிந்தும் விடியாத நேரம். பழைய சுடிதாரைப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கீரனூர் ரோட்டில் இறங்கினேன். ஊர் எல்லை தாண்டி ஓட ஆரம்பித்ததும் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. "என்னக்கா, யாருக்கு என்ன?" என்றார் வண்டியில் இருந்தவர். ஒன்றுமில்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. "பதறாதீங்க, ஏறுங்க. பெரியாஸ்பத்திரிக்கா, கீரனூருக்கா?" என்று விடாமல் கேட்டார். அவரை அனுப்பிவைத்துவிட்டு மறுபடி ஓடினால், முதல் டவுன் பஸ் எனக்காக நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி, "மெதுவா வாங்கக்கா, விட்டுட்டுப் போயிற மாட்டோம்" என்றார். நான் வரவில்லை, போங்கள் என்று கையைக் காட்டினேன். பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் ஜன்னலோரமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டு ஏறாத பொம்பளையை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள். ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். பைக்கில் வந்தவர் சொல்லியிருக்கிறார், இந்த அக்கா அழுதுகொண்டே கீரனூர் பக்கம் ஓடுகிறது என்று. எனக்கு வேர்த்துக்கொட்டியதை அழுகை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். கீரனூரில் என் அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று இவர்களாக முடிவு செய்து, எடுப்பது எத்தனை மணிக்கு என்று கேட்க வந்திருந்தார்கள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒடம்பைக் குறைக்க ஓடுறேன்" என்றேன்.

 தலைப்பை வாயிலிருந்து எடுத்துக்கொண்டே அந்தப் பெண், "அதுக்கு ஏன் மதினி ரோட்டுல ஓடணும்?" என்றாள். கலைந்து போகும்போது அவர்கள் முகத்தில் இருந்தது நிம்மதி என்று சொல்ல முடியாது.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. ஊர் பழகிவிடும் என்று நினைத்தேன். ஊர் பழகுவதற்குள் விஷயம் கத்தாருக்குப் போய்விட்டது.

பால் வேன் ஓட்டுகிற ஒருவர் என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. அவர் நல்ல மனசோடு ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார். "மாப்ள, தங்கச்சி விடியக்காலையில கீரனூர் ரோட்டுல ஓடுது. கூப்பிட்டா நிக்க மாட்டேங்குது. என்னான்னு பாத்துக்க." அங்கே விடிவதற்கு முன்னே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இதைப் பார்த்திருக்கிறார். உடனே எனக்குப் போன் அடித்தால் நான் எடுக்கவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஓடுவேன். மாமியார் எடுத்திருக்கிறார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று பிறகு இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது.

"ஆத்தா, அவ எங்க?"

"அவ ஓடிட்டாளேப்பா."

"எப்ப?"

"இப்பத்தான், விடியறதுக்கு முன்னாடி."

"யாரு கூட ஆத்தா?"

"தனியாத்தான் போறா. தொணைக்கு ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்னு நேத்துச் சொன்னா."

அங்கிட்டுச் சத்தமே இல்லையாம். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து மாமியார் ரெண்டு தடவை அலோ அலோ என்றிருக்கிறார். பிறகு அவராகவே, "நீ வேலைக்குப் போப்பா. அவ ஏழு மணிக்கு வந்துருவா. தெனமும் வந்துருவா" என்று சொல்லியிருக்கிறார்.

நான் வந்து போனை எடுத்தபோது என் வீட்டுக்காரர் குரலில் இருந்ததை இருபது வருஷத்தில் நான் கேட்டதில்லை. நடந்ததை முழுசாகச் சொன்னேன். பந்தயத்தைச் சொன்னேன், டீசர்ட்டைச் சொன்னேன், உரக்கடை மெஷினைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நீ வீட்டுலதான இருக்க?" என்றார். ஆமாம் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். அடுத்த மாதம் லீவில் வந்த ஒருவர் கையில் ஒரு ஜோடி ஷூ கொடுத்தனுப்பினார். பச்சையும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கிற நிறம். தூரத்தில் வரும்போதே தெரியட்டும் என்று வாங்கினாராம். அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது.

ஓட்டத்தையாவது ஒரு வழியாகச் சமாளித்தேன். சாப்பாட்டைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். நான் எடை குறைக்கிறேன் என்று தெரிந்ததும் கடைக்கு வருகிற எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். யூனியன் ஆபீஸ் கிளார்க் ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜை ஒரு முழம் தள்ளிப் போகும் உடம்பு அவருக்கு, கொள்ளுத் தண்ணிதான் ஒரே வழி என்று அடித்துச் சொன்னார். வருமானச் சான்றிதழுக்கு வந்தவர் சோற்றை நிறுத்தச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர் சோற்றை நிறுத்தினால் மூளை கலங்கும் என்றார். இரண்டு பேரும் வாய்த்தகராறு ஆகி, மனுவைக் கொடுக்காமலே போய்விட்டார்கள்.

மாமியாரோ எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டபடி ராத்திரிக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். ருசியாகவே இருந்தது. இவ்வளவு ருசியாக இருக்கிறதே என்று மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுப்படியில் போய்ப் பார்த்தால் முந்திரிப் பருப்பை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது என்ன?"

"வெறுங்கஞ்சி எப்படித்தா எறங்கும்? கொஞ்சூண்டுதான் விட்டேன்."

அந்தக் கொஞ்சூண்டைக் கரண்டியில் பார்த்தேன். நான் அதுவரைக்கும் ஓடிய அத்தனை கிலோமீட்டரும் அந்தக் கரண்டிக்குள் மிதந்தது.

அது போதாதென்று அந்த மாதத்தில் மூன்று காதுகுத்து. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் கிடா விருந்து. போகாமல் இருந்தால் சொந்தம் விட்டுப்போகும், போய்ச் சாப்பிடாமல் எழுந்தால் அதைவிட மோசம். ஒரு விருந்தில் எலும்பைத் தள்ளிவைத்துவிட்டு ரசத்தை ஊற்றச் சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்த சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார். "கறி வேகலையாத்தா?" என்றார். வெந்திருக்கிறது என்றேன். "அப்ப எங்க மேல ஏதும் வருத்தமா?" என்றார். பந்தி முழுவதும் என்னைப் பார்த்தது. அவர் மனசு சமாதானம் ஆகிறவரைக்கும் சாப்பிட வேண்டியதாயிற்று. அவர் லேசில் சமாதானம் ஆகிற ஆள் இல்லை.

இத்தனையும் தாண்டி, மூன்றாவது மாதம் எடை இறங்கத் தொடங்கியது. உரக்கடை மெஷினில் கால் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாகவே இறங்கியிருந்தேன். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்தது. கன்னம் ஒட்டிப்போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். நகல் எடுக்க வருகிறவர்கள், "நீங்க மெதுவா எடுங்கக்கா, அவசரமில்ல" என்றார்கள். பதினஞ்சு வருஷத்தில் என் கடையில் அவசரமில்லை என்று சொன்ன ஆளே கிடையாது.

பிறகு வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. கையில் சாத்துக்குடி, ஆப்பிள், ஹார்லிக்ஸ். உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரியில காட்டுற?" என்பார்கள். நான் ஓடுகிறேன், அதனால் இளைத்தேன் என்று சொன்னால் பாவம், மறைக்கிறாள் என்று தலையாட்டுவார்கள். தஞ்சாவூரில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று ஒருத்தி காதோரம் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் பாலிசி போடச் சொல்லி மூன்று வருஷமாக நச்சரித்த ஏஜென்ட் ஒருவர் என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போனார். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரியில் வரிசையாகச் சேர்ந்தன. வியாதி வந்தால் என்ன கிடைக்குமோ அதெல்லாம் ஆரோக்கியத்துக்கே எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூட மாமியார் பொறுத்துக்கொண்டார். ஒரு துக்க வீட்டில் அவருடைய நாத்தனார், பத்துப் பேர் முன்னால், "மகன் சம்பாதிச்சு அனுப்புறதெல்லாம் எங்க போகுது? மருமகளுக்குச் சோறு போடுறியா இல்லியா?" என்று கேட்டுவிட்டார். என் மாமியாரைப் பார்த்து. நெய்யை ஒளித்து ஊற்றிய கையைப் பார்த்து. அதை அவரால் தாங்க முடியவில்லை.

"அவ வியாதிக்காரியும் இல்ல, பட்டினியும் கெடக்கல" என்றாராம். "மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டு ஓடுறா. நேர்த்திக்கடன். என்ன வேண்டுதல்னு கேக்காதீக. வெளிய சொன்னாப் பலிக்காது."

இதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. "ஏன் அத்தை பொய் சொன்னீங்க?" என்றேன். "நீ நெசத்தத்தான மூணு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்க. எவ நம்புனா?" என்றார்.

மறுநாள் காலை ரோடே மாறிவிட்டது. பைக்கில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே மெல்ல வந்து, திருப்பத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். முதல் வாரத்தில் எங்கள் வாசலில் துக்கம் கேட்க நின்ற அதே பெண் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் காலில் ஊற்றிவிட்டாள். கத்தாரிலிருந்து வந்த ஷூ சொதசொதவென்று நனைந்து, மிச்ச தூரத்தைச் சேற்றில் நடவு நடுகிறவளைப்போல ஓடினேன். உடம்புக்காக ஓடினால் கிறுக்கு, சாமிக்காக ஓடினால் பக்தி. கால் என்னவோ ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் துணைக்கும் ஆள் வந்தது. பஸ் ஸ்டாப் பக்கம் இட்லிக்கடை போட்டிருக்கிற அக்கா முதலில் வந்தார். அவர் மகன் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் பல வருஷமாகப் படிக்கிறான். அவனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டுதல். ஓட்டம் தனக்கு வரக்கூடிய காரியமா என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல் வந்து நின்றார். அடுத்து, மகளுக்கு வரன் அமையாத ஒரு மதினி. அதற்கடுத்து, வாய்க்கால் கேஸில் தீர்ப்பு வர வேண்டிய ஒரு சின்னம்மா. அவரவர் காரணத்தை அவரவர் வைத்துக்கொண்டு, கீரனூர் ரோட்டில் வரிசையாக ஓடினோம். சின்னம்மா மட்டும், கேஸில் எதிராளியின் வீட்டைத் தாண்டும்போது வேகமாக ஓடுவார். மகள் அனுப்பிய அட்டவணையை நான் வாசிக்க, மூன்று பேரும் அதைக் கோயில் விரதத்துக்கு உண்டான பயத்தோடு கடைப்பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று போட்டிருந்ததை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாமிக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை என்றார்கள்.

கூட்டம் சேர்ந்தால் அரசியலும் சேரும். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் கடைக்கு வந்து, 'ஆன்மிக ஓட்டம் காணும் சகோதரியை வாழ்த்தி' ஃபிளக்ஸ் வைக்கப்போவதாகவும், டிசைன் நானே போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அவர் கும்பிடுகிற படம் ஒன்று, சிரிக்கிற படம் ஒன்று, நடந்து வருகிற படம் ஒன்று கொடுத்தார். மூன்றையும் வைத்தபின் என் படத்துக்கு மூலையில் ஒரு ஸ்டாம்பு அளவுதான் இடம் இருந்தது. அந்த ஃபிளக்ஸில் மட்டும் நான் ஆசைப்பட்ட அளவுக்கு இளைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கும் செய்தி போய்விட்டது. இந்தத் தடவை அவராகவே சாயங்காலமாகக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் ஊர் நிலவரம் பேசினார். பிறகு, "எனக்காகத்தான வேண்டிக்கிட்ட?" என்றார்.

டீசர்ட் கதையை அவரிடம் நான் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அது அவருக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனாலும் கேட்டார். இருபது வருஷத்தில் பாதிக்கு மேல் போனிலேயே குடும்பம் நடத்துகிற மனுஷன்.

"வெளிய சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

அவர் சரி என்றார். போனை வைக்கவில்லை. அவர் அறையில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு என்னவோபோல இருந்தது. அடுத்த நாள் காலையில் ஓடும்போது நிஜமாகவே அவருக்காக எதையோ வேண்டிக்கொண்டேன். என்ன என்று இங்கும் சொல்லப்போவதில்லை.

பந்தய நாள் வந்தது. தனியாகப் போகலாம் என்று நான் நினைத்ததெல்லாம் நடக்கவில்லை. ஒரு வேன் பிடித்து, மாமியார், மூன்று ஓட்டக்காரிகள், பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய், சூடம், பத்தி எல்லாம் ஒரு கூடையில். கூட ஓடப்போகிற மூன்று பேருக்கும் பந்தயத்தில் பேர் கிடையாது. பேர் கொடுக்கச் சொல்லியிருந்தேன். சாமிக்கு நம்ம பேர் தெரியாதா என்று விட்டுவிட்டார்கள்.

புதுக்கோட்டை மைதானத்தில் நோட்டீஸ் தம்பி டீசர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து மாத உழைப்பை மனசில் நினைத்துக்கொண்டு கையை நீட்டினேன். என்னை அடையாளம் தெரியாமல் பார்த்துவிட்டு, "அக்கா, எக்ஸெல் எல்லாம் தீந்துருச்சு. கம்பெனிக்காரன் தப்பா அடிச்ச பெருசுதான் இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று ஒன்றைக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். தோளிலிருந்து நழுவி முழங்கால் வரைக்கும் தொங்கியது. மாமியார் பார்த்துவிட்டு, "நைட்டி நல்லாருக்குத்தா" என்றார்.

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், சிறப்பு விருந்தினர் வராததால் தொடங்கவில்லை. வந்தபிறகு குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தினமும் ஓடினால் ஏற்படும் நன்மைகளைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். ஓடினவர்கள் மாதிரி ஒருவரும் இல்லை. வெயில் நன்றாக ஏறியபின், விருந்தினர் கொடியை அசைத்துவிட்டு, ஏசி போட்டுத் தயாராக நின்ற காரில் ஏறிப் போனார்.

பாதித் தூரம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடினேன். பக்கத்தில் இட்லிக்கடை அக்கா வெறுங்காலோடு வந்தார். தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நின்ற பையன்கள் அவர் நெஞ்சில் நம்பர் இல்லாததைப் பார்த்துத் தடுத்தார்கள். "நான் இங்கிட்டுச் சும்மா போறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போய்க்கொண்டே இருந்தார். மதினியும் சின்னம்மாவும் பின்தங்கி, ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி மைதானத்துக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆட்டோவில் போனதும் வேண்டுதலில் சேருமா என்று அவர்களுக்குள் இன்றைக்கும் வழக்கு உண்டு.

கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் என் முட்டி பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே போனேன். என் பின்னால் ஓடுகிறவர்கள் யாரும் இல்லை, ஒரு ஆம்புலன்ஸ் மட்டும் வந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டார். நாலாவது தடவை, "உங்களுக்காக இல்லம்மா. நீங்க முடிச்சாத்தான் நான் சாப்பிடப் போகணும்" என்றார். இட்லிக்கடை அக்கா திரும்பி, மடியில் கட்டி வைத்திருந்த எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை.

மைதானத்துக்குள் நுழைந்தபோது முடிவுக் கோட்டில் கட்டியிருந்த பலூன் வளைவைக் காற்றிறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. கைதட்ட ஆள் இல்லை. ஆனால் எங்கள் வேன் கூட்டம் அப்படியே நின்றது. மாமியார் தரையில் சூடத்தை ஏற்றி, தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பந்தயக்காரர்களில் ஒருவர் ஓடிவந்து, இங்கே நெருப்பு வைக்கக் கூடாதம்மா என்று தடுத்தார். "நீ ஒதுங்கு தம்பி, எம்மருமக வாரா" என்று அவரைத் தள்ளிவிட்டு, நான் கோட்டைத் தாண்டுகிற நேரத்தில் தேங்காயை உடைத்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இந்தத் தடவை பார்த்தவர்கள் எல்லோரும் அதை வேர்வை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்கினால், எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். நேர்த்திக்கடன் முடிந்துவிட்டதே, இனி எதற்கு ஓட்டம்? நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் வாசல் தெளித்துக்கொண்டே, "அஞ்சு வருஷத்துக்கு வேண்டியிருக்கா" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவார் என்று ஆசையோடு நின்றேன். நேராக என்னிடம் வந்து பெட்டியைக் கொடுத்தார். "கொஞ்சம் எளச்ச மாதிரி தெரியுதே" என்றார். கார் ஏறிய பிறகு, அந்த ஷூ சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்த இரண்டு மாதத்தில் இரண்டு நாள் என்னோடு ஓட வந்தார். மூன்றாம் நாள் முதல் பைக்கில் பின்னால் வந்தார்.

சின்னம்மாவுக்கு வாய்க்கால் கேஸ் சாதகமாக முடிந்தது. அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டார். மதினியின் மகளுக்குக் குளத்தூர்ப் பக்கம் நல்ல இடம் அமைந்து கல்யாணமும் ஆயிற்று. மதினி இப்போது காலையில் வெயில் வந்தபிறகுதான் எழுந்திருக்கிறார். கல்யாணத்துக்கப்புறம் பார்த்தபோது, தான் இழந்த எடையெல்லாம் திரும்பி வந்துவிட்டதைச் சந்தோஷமாகச் சொன்னார். சாமி கேட்டதைக் கொடுக்கக் கொடுக்க, கீரனூர் ரோட்டில் ஆள் குறைந்துவிட்டது.

இட்லிக்கடை அக்கா மட்டும் வருகிறார். மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. என்னைவிட வேகமாக ஓடுகிறார். போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவன் பரீட்சை எப்படி எழுதியிருக்கிறான் என்று கேட்டேன்.

"இந்தத் தடவை நல்லா எழுதிருக்கானாம்."

"அப்ப உங்களுக்கும் வேண்டுதல் முடிஞ்சுரும்."

அவர் முந்தானையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

"அவனுக்குப் பொண்ணு பாக்கணும்ல" என்றார். "இப்பத்தான் எனக்கு மூச்சு வாங்காம இருக்கு."